பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது சரியா? தாராவிப் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

நவசேவா ஏஜென்ட் | 17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு காலை 10:12

தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை ஒன்றுக்கு நான்தான் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். நவசேவா துறைமுகத்தில் இந்தத் தொழிலுக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கப் போவதாக அறிவித்ததும் அந்தப் பட்டறைக்கு அங்கிருந்து வர வேண்டிய ஆர்டர் நின்றுவிட்டது. இப்போது ஐரோப்பாவையும் பிரிட்டனையும்தான் நம்பியிருக்கிறார்கள். நேற்று முதலாளி கேட்டார்: "அண்ணாச்சி, முன்னாடியெல்லாம் ராட்டர்டாமுக்கு ஒரே ஷிப்மென்ட்தானே போட்டோம்? லண்டன் கடைக்கும் அங்கேருந்தே போயிடும். இப்ப எதுக்கு ரெண்டு இன்வாய்ஸ், ரெண்டு ஷிப்பிங் பில்?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். 2020 முடியும் வரை ராட்டர்டாமில் ஒருமுறை வரி கட்டி வெளியே எடுத்தால் போதும். அந்தச் சரக்கு ஒன்றியத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் நிறுத்த மாட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் தனிச் சுங்க எல்லை. நெதர்லாந்தில் வரி கட்டிய அதே பைக்கு பிரிட்டனில் மறுபடி கட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது அவர்கள் இருவரும் தங்கள் மண்ணில் உற்பத்தி செய்த பொருளுக்கு மட்டும். நம் பை தாராவியில் தைத்தது. ராட்டர்டாமில் ஒரு மாதம் கிடந்தாலும் அது தாராவிப் பைதான். வரி கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்து அங்கிருந்து பிரித்து அனுப்பவும் வழி உண்டு. அதற்குத் தனிக் காகிதம், தனிக் கூலி. பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்குக் கட்டுப்படி ஆகாது.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி கேட்டார். "அப்ப அந்த நாடு வெளியே போனது சரியா, தப்பா?" இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே லண்டனில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் கல்லூரியில் பாடம் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

கோலிவாடா பையன் | காலை 10:31

தப்புதான் அண்ணாச்சி. 2016 வாக்கெடுப்பில் போகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 48.1. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றலாமா?

பவாய்க்காரன் | காலை 11:05

வித்தியாசம் சின்னது என்பதற்காக 48.1 பக்கம் ஜெயித்ததாக வைத்துக்கொள்ள முடியுமா தம்பி? 72 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1 கோடியே 74 லட்சம் பேர் போகலாம் என்றார்கள். எண்ணிப் பார்த்த பிறகு மறுபடி எண்ணு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நானும் அந்த 1 கோடியே 74 லட்சத்தில் ஒருவன். இங்கே பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை இருந்தது. இந்திய பாஸ்போர்ட்டோடு, வேலை விசாவில் இருந்த நான் 2016 ஜூன் 23 அன்று போய் வாக்களித்தேன். அங்கேயே 15 வருஷமாக வாழ்ந்த போலந்துக்காரருக்கு அந்த உரிமை இல்லை.

ஏன் போகலாம் என்று போட்டேன் என்பதையும் சொல்கிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் என்னோடு அறையில் இருந்தவர் மதுரைக்காரர், ஓட்டல் சமையல்காரர். தம்பியை உதவிக்கு அழைத்துக்கொள்ள மூன்று வருஷம் முயன்றார். சம்பள வரம்பு, சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எனக்கும் அதே கதைதான். 2016 ஏப்ரலிலிருந்து நம் மாதிரி விசாவில் இருப்பவர்கள் நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் வருஷத்துக்கு 35,000 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அதே ஓட்டலில் பாத்திரம் கழுவ ருமேனியாவிலிருந்து ஒரு பையன் வந்தான். விசாவும் கிடையாது, வரம்பும் கிடையாது. நல்ல பையன், அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஒரே அடுப்படியில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு சட்டமா? எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள் என்பதுதான் என் வாக்கு. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அதே காரணத்துக்காகத்தான் போட்டார்கள். பிரீத்தி பட்டேல் போன்ற அங்கத்து அரசியல்வாதிகள், நம் பக்கத்துச் சாப்பாடு போடும் 'கறி' உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்று பிரசாரமே செய்தார்கள்.

செம்பூர் செவிலி | காலை 11:48

பவாய் அண்ணா, நீங்கள் கேட்ட அந்த ஒரே வரிசை வந்தது. அது எப்படி இருக்கிறது என்று நான் சொல்லட்டுமா?

என் தங்கை 2022-ல் பர்மிங்காமுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். 2016-க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்து பதிவு செய்கிற நர்சுகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தை நாமும் பிலிப்பைன்ஸ்காரர்களும்தான் நிரப்பினோம். அதுவரை நமக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். என் தங்கை கட்டிய வீட்டுக் கடன் அதனால்தான் அடைந்தது.

ஆனால் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெண் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் கேர் ஒர்க்கர் வேலைக்கு முயன்றாள். ஏஜென்டுக்குப் பணம் கட்டி, ஆங்கிலத் தேர்வு எழுதி, எல்லாம் முடிவதற்குள் 2024 மார்ச் வந்துவிட்டது. இனிமேல் அந்த வேலைக்குப் போகிறவர்கள் கணவனையோ குழந்தையையோ அழைத்துப் போக முடியாது என்று சட்டம் மாறியது. அவளுக்கு இரண்டு வயதில் குழந்தை. போகாமல் நின்றுவிட்டாள். போன மாதம், 2025 ஜூலை 22-லிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. ருமேனியப் பையனுக்குக் கதவை மூடினால் மதுரைத் தம்பிக்குத் திறக்கும் என்று நினைத்தீர்கள். கொஞ்ச நாள் திறந்தது. பிறகு அதையும் மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

பவாய்க்காரன் | மதியம் 12:10

நீங்கள் சொல்வது உண்மைதான் அக்கா. ஆனால் மூடுவதும் திறப்பதும் அவர்கள் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். ஒன்றியத்தில் இருந்தபோது அந்தக் கதவில் அவர்கள் கை வைக்கவே முடியாது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முலுண்ட் டீச்சர் | மதியம் 1:35

சாப்பிட்டுவிட்டு வந்து படித்தேன். நல்ல கேள்வி அண்ணாச்சி.

நான் முலுண்ட் செக்நாக்காவுக்குப் பக்கத்தில் 30 வருஷமாக இருக்கிறேன். 2017 வரை அங்கே ஆக்ட்ராய், அதாவது ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி, வசூலித்தது நினைவிருக்கிறதா? மும்பைக்குள் நுழைகிற ஒவ்வொரு லாரியும் நிற்க வேண்டும். முலுண்ட், தஹிசர், ஐரோலி, வாஷி, எந்தப் பக்கம் வந்தாலும் நாக்கா. ராத்திரி எங்கள் தெரு வரைக்கும் லாரி வரிசை நிற்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். தக்காளி அழுகும். 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்த அன்றோடு அது நின்றது. ஒரே மாதத்தில் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஐரோப்பாவில் ஒற்றைச் சந்தை என்பது இதைப் போன்ற ஏற்பாடுதான். இதை 1980-களில் முன்னின்று தள்ளியவர்களில் ஒருவர் அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் என்பதையும் மறக்கக் கூடாது. நாக்காவை எடுக்க முன்னால் நின்ற நாடே தன் பங்குக்கு மறுபடி நாக்கா போட்டுக்கொண்டது. பிரிட்டன் அரசின் பட்ஜெட் கணிப்பு அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் உற்பத்தித் திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறது. 4 சதவீதம் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாது. வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கசியும். தக்காளி அழுகினால் நாற்றம் வரும், எல்லாருக்கும் தெரியும். ஒரு தொழிற்சாலை கட்டாமலே போனால் யாருக்கும் தெரியாது.

பவாய்க்காரன் | மதியம் 2:20

டீச்சர், ஜிஎஸ்டியை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று.

2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் அந்த மசோதா வந்தபோது அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். வரி போடும் உரிமை மாநிலத்தின் கையை விட்டுப் போகிறது என்பதுதான் ஜெயலலிதாவின் வாதம். இப்போது ஜிஎஸ்டி கவுன்சிலில் டெல்லியின் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. நான்கில் மூன்று பங்கு சேர்ந்தால்தான் முடிவு. அவர்கள் வேண்டாம் என்றால் எல்லா மாநிலமும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. நாக்கா போனதில் சந்தோஷம்தான். ஆனால் நம் ஊர்ப் பொருளுக்கு என்ன வரி என்று சென்னையில் உட்கார்ந்து முடிவெடுக்க முடியாது. இதை ஒரு தமிழன் இழப்பு என்று சொன்னால் நமக்குப் புரிகிறது. ஒரு ஆங்கிலேயன் சொன்னால் மட்டும் பைத்தியக்காரத்தனம் என்கிறோம்.

அவர்கள் தரப்பில் உண்மையான வழக்குகள் இருக்கின்றன. 1988-ல் ஸ்பானியர்கள் பிரிட்டிஷ் கொடியில் பதிவு செய்த மீன்பிடிக் கப்பல்களைத் தடுக்க அவர்கள் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஃபாக்டர்டேம் வழக்கில் அந்தச் சட்டத்தை அவர்கள் நீதிமன்றமே ஒதுக்கி வைக்க வேண்டி வந்தது, ஐரோப்பியச் சட்டம் மேலே நிற்கிறது என்ற காரணத்தால். பெண்களின் சானிட்டரி நாப்கினுக்கு இருந்த 5 சதவீத வரியைக்கூட அவர்களால் பூஜ்யமாக்க முடியவில்லை, ஒன்றியத்தின் விதி விடவில்லை. வெளியேறிய பிறகும் ஒன்றிய விதிகள் தொடர்ந்த இடைக்காலம் முடிந்த மறுநாள், 2021 ஜனவரி 1-ல், எடுத்தார்கள். டோனி பென் ஒன்றும் வலதுசாரி இல்லை, தொழிற்கட்சிக்காரர். அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி என்று அவர் கடைசியாக வைத்தது, உங்களை நாங்கள் எப்படி அகற்றுவது என்பது. ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் பிரஸ்ஸல்ஸ் ஆணையத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டால் சாதாரண வாக்காளருக்கு என்ன பதில்?

முலுண்ட் டீச்சர் | மதியம் 2:41

ஃபாக்டர்டேம் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் பவுண்டு அவர்களிடமே இருந்தது, எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் சேரவில்லை, தாட்சர் 1984-ல் வாங்கிய சந்தாத் தள்ளுபடி கடைசி வரை இருந்தது. அந்தத் தள்ளுபடியைக் கழிக்காமல்தான் ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று போகலாம் தரப்பினர் பஸ்ஸில் எழுதி ஊரெல்லாம் ஓட்டினார்கள். அந்தக் கணக்கு தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே சொன்ன பிறகும் பஸ் ஓடியது. உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

நெறியாளர் | மதியம் 2:50

ஜிஎஸ்டி ஒப்பீடு பொருத்தமாக இருப்பதால் விட்டுவைக்கிறேன். இன்றைய உள்ளூர்க் கட்சிச் சண்டைக்குள் போக வேண்டாம்.

மாதுங்கா மாமா | மாலை 4:15

எனக்கு 76 வயது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டைப் அடிக்கப் பேத்தி உதவுகிறாள்.

இந்த விவாதத்தை நான் முதலில் கேட்டது 2016-ல் இல்லை. 1962-ல், கிங்ஸ் சர்க்கிளில் எங்கள் வீட்டுக் கூடத்தில். அப்பாவும் அவர் நண்பர்களும் ராத்திரி பத்து மணி வரை வாதாடுவார்கள். அண்ணா அந்த வருஷம்தான் மாநிலங்களவைக்குப் போய் திராவிட நாடு கேட்டுப் பேசினார். அப்பா அதற்கு எதிர், அவர் நண்பர் ஆதரவு. அதே வருஷம் அக்டோபரில் சீனா படையெடுத்தது. அண்ணா கோரிக்கையை நிறுத்தி வைத்தார். 1963-ல் பதினாறாவது திருத்தம் வந்தது. பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்கவே முடியாது என்று ஆனது. கட்சி கோரிக்கையைக் கைவிட்டது.

ஆனால் கைவிட்டபோது அண்ணா சொன்னதைக் கவனியுங்கள். பிரிவினையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார். அப்பாவின் நண்பர் அன்று அழுதார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தார். 1967-ல் ஆட்சி வந்தது. 1968-ல் இருமொழிக் கொள்கை. 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. காரணங்களில் பலவற்றுக்கு வீட்டுக்குள் இருந்தே வழி தேடினார்கள். எல்லாம் கிடைத்ததா? இல்லை. பவாய்த் தம்பி சொல்லும் வரி விஷயமும் அதில் ஒன்று. கேட்பதற்கு இடம் இருந்தது, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960-களின் கடைசியில் இந்த ஊரில் தென்னிந்தியர் வெளியே போக வேண்டும் என்று கலவரம் நடந்தது. எங்கள் தெருவில் உடுப்பி ஓட்டல் கண்ணாடியை உடைத்தார்கள். அப்பா வேட்டியை விட்டு பேன்ட் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார், அதுவரை அவர் பேன்ட் போட்டு நான் பார்த்ததே இல்லை. நம் வேலையை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் அன்று எங்களைப் பற்றிச் சொன்னார்கள். நாங்கள் இங்கே நின்றதற்குக் காரணம், நாட்டில் எங்கும் போய் வாழலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொன்னதுதான். அதனால் ருமேனியப் பையனுக்கு விசா வேண்டாம் என்று சட்டம் சொன்னதை என்னால் குறையாகப் பார்க்க முடியவில்லை. அவன் இடத்தில் என் அப்பாவைத்தான் பார்க்கிறேன்.

பவாய்க்காரன் | மாலை 4:52

மாமா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. என் தாத்தா சயானுக்கு வந்த கதையும் அதேதான்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உள்ளே இருந்து கேட்டுப் பார்க்காமல் அவர்கள் கிளம்பவில்லை. அப்போதைய பிரதமர் கேமரன் 2016 பிப்ரவரியில் மற்ற நாட்டுத் தலைவர்களோடு பேசி ஒரு உடன்பாடு கொண்டுவந்தார். மேலும் மேலும் நெருங்கும் ஒன்றியம் என்ற கொள்கையிலிருந்து பிரிட்டனுக்கு விலக்கு, புதிதாக வருகிறவர்களுக்குச் சலுகைத் தொகையில் கட்டுப்பாடு. மக்களுக்கு அது போதவில்லை. சந்தர்லாந்தில் நிசான் கார் தொழிற்சாலை இருக்கிறது. ஐரோப்பாவுக்குக் கார் விற்றுப் பிழைக்கிற ஊர். அங்கேயே 61 சதவீதம் பேர் போகலாம் என்றார்கள். தங்கள் பேச்சு எங்கேயும் ஏறவில்லை என்று அவ்வளவு பேர் நினைத்தார்கள்.

கோலிவாடா பையன் | மாலை 5:20

ஒரு சந்தேகம். சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் போய்தானே முன்னேறியது? அப்படியானால் போவது எப்போதும் தப்பு என்று சொல்ல முடியாதே. காலையில் நான் அவசரப்பட்டுவிட்டேனோ?

முலுண்ட் டீச்சர் | மாலை 5:44

நல்ல கேள்வி தம்பி. ஆனால் சிங்கப்பூர் வாக்கெடுப்பு வைத்துக் கிளம்பவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசிய நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பிரித்தது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் அழுதது இதனால்தான். மலேசியாவோடு பொதுச் சந்தை கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் 1963-ல் சேர்ந்ததே. அடுத்து என்ன செய்தார்கள் பார். இரண்டே வருஷத்தில், 1967-ல், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. தனியாக வந்த கையோடு இன்னொரு கூட்டுக்குள் போனது.

அப்புறம், வெளியேறி நன்றாக இருக்கும் உதாரணம் வேண்டுமானால் கிரீன்லாந்து. டென்மார்க்கோடு உள்ளே போனது, மீன்பிடி உரிமைக்காக 1982-ல் வாக்கெடுத்து 1985-ல் வெளியே வந்தது. மீன்தான் அவர்களுக்கு எல்லாமே, அதனால் அவர்களுக்கு அது சரி. பிரிட்டனுக்கு அப்படி இல்லை. அந்தப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் சேவைத்துறை. வங்கி, காப்பீடு, சட்டம், கணக்கு. 2020 டிசம்பர் 24-ல் முடிவான வணிக ஒப்பந்தத்தில் சேவைகளுக்குக் கிடைத்தது சொற்பம். லண்டனில் உரிமம் வாங்கிய வங்கி அதே உரிமத்தில் பாரிஸில் தொழில் செய்வது முடிவுக்கு வந்தது.

நவசேவா ஏஜென்ட் | இரவு 8:30

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மாமா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அரசியல் எனக்குத் தெரியாது. எல்லையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அது என் சோறு. என் தொழிலில் ஒரு விஷயம் மாறவே மாறாது. இரண்டு இடத்தில் இரண்டு விதமான வரியும் விதியும் இருந்தால் நடுவில் எங்கேயாவது ஒரு கோடு விழும். கோட்டை நகர்த்தலாம், அழிக்க முடியாது. பிரிட்டன் மூன்று வாக்குறுதி கொடுத்தது. வெளிச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி போடும் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டுப் போவோம். அயர்லாந்துக்கு நடுவில் எல்லைச் சாவடி வராது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவிலும் எதுவும் வராது. இந்த மூன்றும் ஒன்றாக நடக்காது. நவசேவாவில் நேற்று சேர்ந்த பையனைக் கேட்டாலும் சொல்வான்.

வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது, அதன் தெற்கே உள்ள அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கும் தனி நாடு. அவற்றின் நடுவே எல்லை ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அதைக் கடக்க 200-க்கும் மேற்பட்ட சாலைகள். வட அயர்லாந்தின் நீண்ட சண்டையை நிறுத்திய 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு அங்கே ராணுவச் சாவடிகள் போய், மக்கள் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலுமாக வாழ்கிறார்கள். அங்கே மறுபடி சாவடி வைக்க யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. அதனால் கோடு கடலுக்குள் போனது. ஒரே நாட்டுக்குள், லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சரக்குக்குக் காகிதம் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஒன்றியத்தோடு விண்ட்சர் ஏற்பாடு போட்டு, வட அயர்லாந்திலேயே நிற்கும் சரக்குக்குப் பச்சை வழி, எல்லை தாண்டக்கூடியதற்குச் சிவப்பு வழி என்று பிரித்து இலேசாக்கினார்கள். இலேசானதே தவிர கோடு போகவில்லை. பவாய்த் தம்பி, உங்களைக் குறை சொல்லிக் கேட்கவில்லை. வாக்களித்த அன்று இது யாராவது பேசினார்களா?

பவாய்க்காரன் | இரவு 9:02

இல்லை அண்ணாச்சி. ஈஸ்ட் ஹாமில் யாரும் பேசவில்லை. நானும் அயர்லாந்தை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதற்கு நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. ஒன்றியத்தில் இருக்கலாமா, விட்டுப் போகலாமா. போய் எங்கே நிற்பது என்று அதில் இல்லை. நார்வே மாதிரி ஒற்றைச் சந்தையில் இருந்துகொண்டு வெளியே நிற்கலாம். துருக்கி மாதிரி சுங்கத்தில் மட்டும் சேர்ந்திருக்கலாம். கனடா மாதிரி வெறும் ஒப்பந்தம் போடலாம். நான் ஒன்றை நினைத்துப் போட்டேன், பக்கத்தில் நின்ற கிழவர் வேறொன்றை நினைத்துப் போட்டார். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் எண்ணினார்கள். இன்றைக்கும் நான் போகலாம் என்றுதான் போடுவேன். ஆனால் இரண்டாவது கேள்வியையும் அதே சீட்டில் கேளுங்கள் என்பேன்.

முலுண்ட் டீச்சர் | இரவு 9:25

அந்த இரண்டாவது கேள்வியை மக்களுக்குப் பதிலாக நாடாளுமன்றம் கேட்டுப் பார்த்தது, மூன்று வருஷம் தாமதமாக. கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-ல் 230 வாக்கில் தோற்றது. மார்ச் 12, மார்ச் 29, மறுபடி மறுபடி தோல்வி. நடுவே மார்ச் 27 அன்று எட்டு வழிகளை வைத்து வாக்கெடுத்தார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள். அதிலும் ஒன்றுக்கும் இல்லை. சுங்க ஒன்றியத்தில் நீடிப்போம் என்ற தீர்மானம் 273-க்கு 276 என்று தோற்றது. மூன்று வாக்கு.

நவசேவா ஏஜென்ட் | இரவு 9:31

மூன்று வாக்கா? டீச்சர், சுங்க ஒன்றியம் மட்டும் இருந்திருந்தால் என் பட்டறைக்காரர் இன்றும் ஒரே ஷிப்மென்ட் போடுவார். ராட்டர்டாமில் ஒருமுறை வரி, அவ்வளவுதான்.

பவாய்க்காரன் | இரவு 9:50

இருங்கள் அண்ணாச்சி. அந்த மூன்று வாக்கு விழுந்திருந்தால் இன்னொன்றும் நடந்திருக்காது. சுங்க ஒன்றியத்தில் இருந்தால் வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாருக்கும் ஒரே வரி. தனியாக யாருக்கும் குறைக்க முடியாது. போன மாதம் ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் இருக்கிறதே, அது நடந்தே இருக்காது. தோல் பொருளுக்கு பிரிட்டனில் வரி இல்லை என்று ஆகப் போகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ எல்லாம் அதில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு நாம் 2007-லிருந்து பேசுகிறோம். 2013-ல் நின்றது, 2022-ல் மறுபடி தொடங்கியது, இந்த 2025 ஆகஸ்ட் வரை முடியவில்லை. 27 நாட்டுக்கும் ஒத்துவர வேண்டும். பிரிட்டன் தனியாக வந்ததால்தான் நம்மோடு முடித்தது. உங்கள் தாராவிப் பட்டறைக்கு அது லாபமா இல்லையா?

செம்பூர் செவிலி | இரவு 10:04

பட்டறைக்கு லாபம் என்பதால் பிரிட்டன்காரருக்குச் சரியான முடிவு என்று ஆகிவிடுமா அண்ணா? அங்கே எடுக்கிற கருத்துக்கணிப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போனது தவறு என்கிறார்கள். என் தங்கை வேலை பார்க்கிற வார்டிலும் அதையே சொல்கிறார்களாம்.

மாதுங்கா மாமா | இரவு 10:15

நர்ஸ் அம்மா கேட்டது சரியான கேள்வி. பேத்திக்கு நாளை காலேஜ், நான் நிறுத்திக்கொள்கிறேன். மழை விடவே இல்லை, நவசேவா பக்கம் போகிறவர்கள் கவனம்.

நவசேவா ஏஜென்ட் | இரவு 10:40

தம்பி சொன்னதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைக்கு பிரிட்டனில் இருக்கிற வரியே சிறியதுதான், ஷூவுக்குத்தான் அதிகம். அதனால் வரி போனாலும் இவருக்கு மிச்சமாவது கொஞ்சம். இரண்டாகப் பிரித்து அனுப்புகிற செலவு, இரண்டு இடத்திலும் ஏஜென்ட் கூலி, இந்தியாவில்தான் உற்பத்தியானது என்று காட்டுகிற காகித வேலை எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு இருக்கிற ஆர்டர் அளவில் அந்த மிச்சம் போய்விடும். லண்டன் ஆர்டர் இரண்டு மடங்கானால் அவருக்கு லாபம். ஆம்பூர் ஷூக்காரருக்கு முதல் நாளிலிருந்தே லாபம்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. போனது அவர்கள் உரிமை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று மக்களிடம் சொல்லாமல் கிளப்பியது தப்பு. அயர்லாந்து எல்லையில் வயல் வைத்திருக்கிறவரிடமாவது கேட்டிருக்கலாம். நாளை காலை பட்டறைக்குப் போய் இதைத்தான் சொல்லப் போகிறேன். ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குள் பையோடு செருப்பும் தைக்கத் தொடங்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். புதன்கிழமை ராட்டர்டாம் பெட்டி, வெள்ளிக்கிழமை லண்டன் பெட்டி. இரண்டு ஷிப்பிங் பில்லும் தயார்.